உங்கள் தெருவுக்கு ஏன் கடைசியில் வருகிறார்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பனி கொட்டிய மறுநாள் காலை, வட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. மார்க்கம் வீதி கறுப்பாகக் கிடக்கிறது, பஸ் ஓடுகிறது, எங்கள் தெருவில் மட்டும் ஏன் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை? மாநகரசபை மறந்துவிட்டது என்பார் ஒருவர். வரி மட்டும் சரியாக வாங்குகிறார்கள் என்பார் இன்னொருவர். நடப்பது வேறு. உங்கள் தெரு காத்திருக்கத்தான் வேண்டும் என்பது முதல் பனித்துளி விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைக்கப்பட்ட முடிவு.

அந்த முடிவு ஒன்ராறியோ மாகாணத்தின் வீதிப் பராமரிப்பு ஒழுங்குவிதியில் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன, வேக எல்லை என்ன என்ற இரண்டையும் வைத்து மாநகர வீதிகளை அது ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு வீதியில் 2.5 சென்ரிமீற்றர் பனி சேர்ந்தாலே போதும், நான்கு மணித்தியாலத்துக்குள் அதை வழித்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் 8 சென்ரிமீற்றர், 12 மணித்தியாலம். ஐந்தாம் வகுப்பில் 10 சென்ரிமீற்றர், 24 மணித்தியாலம். ஆறாம் வகுப்புக்கு எந்தத் தரமும் கிடையாது. இந்த மணித்தியாலக் கணக்கு, பனி விழுந்து ஓய்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரவு முழுக்கக் கொட்டி, காலையும் கொட்டி, மத்தியானம் நின்றால், சட்டத்தின் கடிகாரம் மத்தியானம்தான் தொடங்குகிறது.

இது சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த அளவு. ரொறன்ரோ தனக்கென்று இதைவிடச் சற்றுக் கடுமையான அளவுகளை வைத்திருக்கிறது. ஆனால் வரிசை அதேதான். கார்டினர், டொன் வலி போன்ற விரைவு வீதிகள் முதலில், பஸ் ஓடும் பெருவீதிகள் அடுத்து, குடியிருப்புத் தெருக்கள் கடைசியில். குடியிருப்புத் தெருவுக்கு வழிப்பு ட்ரக் வர 8 சென்ரிமீற்றர் சேர வேண்டும். ஆகவே 7 சென்ரிமீற்றர் விழுந்த நாளில் நீங்கள் ஜன்னலடியில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் ட்ரக் வராது. நகரத்தின் மொத்த வீதி நீளம் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர், அதில் பெரும்பகுதி இப்படியான சின்னத் தெருக்கள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டுமென்றால் ஆண்டில் சில நாட்களுக்காக ட்ரக்குகளையும் சாரதிகளையும் பல மடங்காக வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவுக்கு எந்த நகரசபையும் கை தூக்காது.

முதலில் வரும் ட்ரக் பனியை வழிப்பதற்கு வருவதுமில்லை. அது உப்பு ட்ரக். பனி ஒட்டத் தொடங்கும்போதே, சில வேளை அதற்கு முன்னரே, பெருவீதிகளில் அது இறங்கிவிடும். தெளிவான மாலையில் வீதி நீளத்துக்கும் வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்புக் கரைசல். நீர் ஆவியானதும் உப்பு வீதியில் ஒட்டிக்கொண்டு பனிக்காகக் காத்திருக்கும்.

உப்பு பனியை உருக்குவதற்காகப் போடப்படுகிறது என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். அது பாதி சரி. கொட்டிய பனி முழுவதையும் உப்பால் உருக்குவதென்றால் ஒரு புயலுக்கே களஞ்சியம் காலியாகிவிடும். உப்பின் வேலை, பனிக்கும் தார் மேற்பரப்புக்கும் நடுவில் மெல்லிய உவர்நீர்ப் படலம் ஒன்றை உண்டாக்குவது. அந்தப் படலம் இருந்தால் பனி வீதியோடு ஒட்டிப் பிடிக்காது, பின்னால் வரும் ட்ரக்கின் தகடு அதைச் சுலபமாக உரித்துத் தள்ளிவிடும். படலம் இல்லாமல் டயர்கள் ஏறி நசுக்கிவிட்டால் பனி ஐஸாக இறுகி வீதியோடு ஒன்றாகிவிடும். பிறகு எந்தத் தகடும் அதன் மேலால் சறுக்கிக்கொண்டுதான் போகும்.

வெப்பநிலை இறங்க இறங்க உப்பு எவ்வளவு வேகமாகக் கைவிடும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வீதி மறை 1 பாகையில் இருக்கும்போது ஒரு கிலோ உப்பு ஏறக்குறைய 46 கிலோ ஐஸை உருக்க வல்லது. மறை 7 பாகைக்கு வந்தால் அதே ஒரு கிலோவுக்கு 9 கிலோகூட உருகாது. மறை 12 பாகையில் 5 கிலோ. ஆய்வுகூடத்தில் உப்புக் கரைசல் மறை 21 பாகை வரை உறையாமல் நிற்கும் என்பது உண்மைதான், வீதியில் அந்தக் கணக்குச் செல்லாது. அந்தக் குளிரில் அது உருக்குவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் விடிந்துவிடும். அப்போது மணல் போடுவார்கள், அல்லது கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலப்பார்கள். சீனி தயாரிக்கும் பீற்றூட்டின் சாற்றைக் கலந்து தெளிப்பதும் உண்டு, ரொறன்ரோவும் அதைச் செய்திருக்கிறது. சாறு உப்பை வீதியில் ஒட்டவைத்து, டயர் பட்டுச் சிதறிப் போகாமல் தடுக்கும்.

பெருவீதி கறுப்பாகவும் உங்கள் தெரு வெள்ளையாகவும் இருப்பதற்கு இங்கே இன்னொரு காரணம் கிடைக்கிறது. உப்பு வேலை செய்ய டயர் வேண்டும். ஆயிரக்கணக்கான சில்லுகள் உப்பையும் பனியையும் சேர்த்து அரைத்துக் கலக்கும்போதுதான் அது கூழாகி ஓரத்துக்கு ஒதுங்குகிறது. மணிக்குப் பத்துக் கார் போகும் தெருவில் அதே அளவு உப்பைக் கொட்டினாலும் அது குழிகுழியாகத் துளை போட்டுக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் மழை, வந்தால் இந்த ஒழுங்கு முழுவதும் குழம்பும். வழிப்பதற்கு ஒன்றுமிராது, தகடு பயனற்றது, முன்கூட்டித் தெளித்த கரைசலை மழையே கழுவிக்கொண்டு போய்விடும். 2013 டிசம்பரில் கிறிஸ்மஸுக்குச் சில நாட்களுக்கு முன் வந்த ஐஸ் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. அன்று வீதியில் இறங்கியவர்களுக்குத் தெரியும், பத்துச் சென்ரிமீற்றர் பனியைவிட இரண்டு மில்லிமீற்றர் ஐஸ் பயங்கரமானது.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? ஆனையிறவில் வெயிலில் விளைந்த உப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேறு உலகம். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டத்தில் ஹியூரன் ஏரிக் கரையில் கொடரிச் என்ற சிற்றூர் இருக்கிறது. 1866இல் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்கு அங்கே உப்புப் படுகை அகப்பட்டது. 1959இல் சுரங்கம் திறந்தார்கள். தரைக்குக் கீழே அரைக் கிலோமீற்றருக்கும் அதிக ஆழத்தில், ஏரியின் அடியில் பரந்து கிடக்கும் அது உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். ஏதோ ஒரு பழைய கடல் வற்றிப்போன மிச்சத்தை வெட்டி எடுத்து, அரைத்து, வீதியில் போடுகிறோம். ரொறன்ரோ மாநகரம் மட்டும் ஓர் ஆண்டில் சராசரியாக ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் போடுகிறது. கனடா முழுவதற்கும் ஏறக்குறைய 50 இலட்சம் தொன்.

போட்ட உப்பு எங்கும் மறைவதில்லை. பனி உருகும், உப்பு அந்த நீரோடு சேர்ந்து வடிகாலுக்குப் போகும், வடிகால் ஓடைக்குப் போகும். மழைநீர் வடிகாலுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது, இருந்தாலும் சாதாரண நிலையத்தால் கரைந்த உப்பைப் பிரிக்க முடியாது. நன்னீர் உயிரினங்களுக்கு நீண்ட காலத்தில் பாதுகாப்பான குளோரைட் அளவு லீற்றருக்கு 120 மில்லிகிராம் என்கிறது கனடிய வழிகாட்டி. டொன் ஆற்றில் குளிர்காலத்தில் இது பல மடங்கு தாண்டிப் போகிறது. குளிர்காலத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு மெல்ல மெல்லக் கசிவதால், ஆடி மாதத்துக் கோடையிலும் நகரத்து ஓடைகள் உவர்க்கின்றன. வீதி உப்பு சூழலுக்கு நச்சுத்தன்மையானது என்று 2001இலேயே கனடிய அரசின் மதிப்பீடு சொல்லிவிட்டது. தடை செய்யவில்லை, செய்யவும் முடியாது. 2004இல் நகரங்களுக்கு ஒரு நடைமுறைக் கோவை வந்தது: களஞ்சியத்துக்குக் கூரை போடு, தெளிக்கும் இயந்திரத்தை அளவுக்குச் சரிபார், வீதியின் வெப்பநிலையைப் பார்த்துப் போடு.

மாநகரசபை ட்ரக்குகள் இப்போது கணினி சொல்லும் அளவில்தான் போடுகின்றன. பெருமளவு வீணாவது கடைத் தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில். காய்ந்த தரையில், ஷூ நெறிபட நெறிபட உப்புக் கற்கள் குவிந்து கிடப்பதை யாரும் பார்க்கலாம். அது வழக்குக்குப் பயந்து கொட்டியது. யாராவது சறுக்கி விழுந்தால் ஒப்பந்தக்காரரைத்தான் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள், ஆகவே ஒரு வாளி போதுமான இடத்தில் அவர் மூன்று வாளி போடுகிறார். உப்பு மலிவு, வழக்கறிஞர் மலிவில்லை. 2021இல் ஒன்ராறியோ சட்டத்தைக் கொஞ்சம் மாற்றி, தனியார் இடத்தில் பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. அதனால் உப்பு குறைந்ததற்கான அடையாளம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

இனி, எல்லோருக்கும் கோபம் வரும் விடயத்துக்கு வருவோம். காலையில் எழும்பி ட்றைவ்வேயை வழித்து முடித்து, உள்ளே வந்து தேத்தண்ணி ஊற்றுகிறீர்கள். நீல விளக்குப் பளிச்சிட ட்ரக் வருகிறது, போகிறது. வெளியே வந்து பார்த்தால் ட்றைவ்வேயின் வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு. சாரதி வேண்டுமென்று செய்ததில்லை. தகடு வலப்பக்கம் சரிந்திருக்கும், பனி அதன் வழியே உருண்டு ஓரத்தில் விழுந்துகொண்டே போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தகட்டைத் தூக்கினால் அந்தப் பனி நடுவீதியில் கிடக்கும். அந்த வரம்பு ஏன் அப்படிக் கனக்கிறது என்றால், புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும், தகட்டில் உருண்டு நசுங்கியபின் அது நான்கு மடங்காகிவிடும். அரை மணித்தியாலம் விட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 20 சென்ரிமீற்றர் பனி விழுந்த மறுநாள் ஆண்களில் மாரடைப்பு மரணம் மூன்றில் ஒரு பங்கு கூடுவதைக் கண்டார்கள். பெண்களில் அந்தக் கூடுதல் இல்லை. காலை நேரத்துக் குளிரில், வெறும் வயிற்றில், ஐம்பது தாண்டியவர்கள் அந்த வரம்போடு மல்லுக்கட்டுவது சும்மா விடயமில்லை.

ஸ்காபரோ, நோர்த் யோர்க், இற்றோபிக்கோ பகுதிகளில் பல இடங்களில் அந்த வரம்பைத் திறந்துவிட மாநகரசபையே இன்னோர் இயந்திரத்தை அனுப்புகிறது. நகர மையத்தில் அனுப்புவதில்லை. தெருவோரம் கார்கள் நிற்பதால் இயந்திரம் நுழைய இடமில்லை என்பது காரணம். அரசியலும் இருக்கிறது. 1998இல் ஆறு நகரசபைகள் ஒன்றாக்கப்பட்டபோது ஒவ்வொன்றும் தன் பழைய வழக்கத்தோடு வந்து சேர்ந்தது. புறநகர்க்காரர் பெற்றுவந்த சேவையைப் பறிக்க எந்த மேயரும் துணியவில்லை. நடைபாதையிலும் இதே கதை. புறநகரில் மாநகரசபை வழித்தது, பழைய ரொறன்ரோவில் வீட்டுக்காரரே தன் வாசல் நடைபாதையை வழிக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய 2021 வரை எடுத்தது.

ரொறன்ரோ வழக்கமாகப் பனியை அள்ளிக்கொண்டு போவதில்லை, ஓரத்தில் தள்ளிவிட்டு உருகும்வரை காத்திருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் இது போதும். ஜனவரியில் ஒருமுறையாவது வெப்பம் பூச்சியத்துக்கு மேல் வந்து பாதியைக் கரைத்துவிடும். மொன்றியலுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. அங்கே ஆண்டுக்கு விழுவது ஏறத்தாழ 200 சென்ரிமீற்றர், அது வசந்தம் வரை அப்படியே கிடக்கும். ஆகவே அவர்கள் அள்ளுகிறார்கள். சைரன் ஒலியோடு வண்டி ஒன்று தெருவில் நுழையும், மாற்றாமல் விட்ட கார்களைக் கட்டியிழுத்துப் பக்கத்துத் தெருவில் விடும். பின்னால் வரும் ராட்சத ஊதி இயந்திரம் வரம்பை விழுங்கி, கூடவே நகரும் ட்ரக்கில் வளைவாகக் கக்கும். இந்த இயந்திரத்தைச் செய்தவரும் மொன்றியல்காரர்தான். ஆர்தர் சிக்கார் என்பவர் 1925இல் உருவாக்கினார், 1927இல் ஊட்றமோன் நகரசபை முதலாவதை வாங்கியது.

அள்ளியதை எங்கே போடுவது? முன்பு சென்ற் லோறன்ஸ் ஆற்றில் கொட்டினார்கள். உப்பு, எண்ணெய், குப்பை எல்லாம் சேர்ந்துபோவதால் 1990களின் இறுதியில் கியூபெக் அதை நிறுத்தியது. இப்போது ஒரு பகுதி கழிவுநீர்க் குழாய்களுக்குள் இறக்கப்படுகிறது. அங்கே ஓடும் நீரின் சூட்டில் அது கரைந்துவிடும். இன்னொரு பெரிய பங்கு சென் மிஷேல் பகுதியில் உள்ள பிராங்கோன் என்ற கைவிடப்பட்ட கற்சுரங்கத்தில் மலையாகக் குவிகிறது. ஓகஸ்டில் போனாலும் அங்கே கறுத்துப்போன பனி கிடக்கும். ஆண்டொன்றுக்கு ஒரு கோடி கன மீற்றருக்கு மேல் இப்படி அகற்றுகிறார்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டும், பணம் புழங்கும் இடத்தில் கள்ளமும் வரும். ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதாக 2015இல் மொன்றியலின் பொதுப் பரிசோதகர் அறிக்கையே வெளியிட்டார்.

தள்ளிவிட்டுக் காத்திருக்கும் ரொறன்ரோவின் முறை, உருகுவதற்கு இடைவெளி தராமல் அடுத்தடுத்துப் பனி வந்தால் முறியும். 1999 ஜனவரியில் இரண்டு வாரத்துக்குள் 118 சென்ரிமீற்றர் கொட்டியது, ஓராண்டுக்குரியது. தள்ளுவதற்கு ஓரமே இல்லாமல் போயிற்று. மேயர் மெல் லாஸ்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார், நாடே சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. என் அபிப்பிராயத்தில் அவர் செய்தது சரி. அம்புலன்ஸ் போகமுடியாத தெருவில் மானம் பார்த்துப் பயனில்லை. 2025 பெப்ரவரியில் ஒன்பது நாட்களுக்குள் மூன்று புயல், 50 சென்ரிமீற்றருக்கு மேல். வழிப்பது ஒருவாறு முடிந்தது, குவித்ததை அகற்றுவதற்கு வாரக்கணக்கானது. பஸ் தரிப்பிடங்கள் மலைகளுக்குப் பின்னால் மறைந்தன. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் வீதியில் இறங்கிக் கார்களோடு போனார்கள். மேயர் ஒலிவியா சௌ மீளாய்வு கேட்டார்.

அந்த நாட்களில் பலருக்குப் புரியாத விடயம், வழித்தாயிற்று என்று மாநகரசபை எதை வைத்துச் சொன்னது என்பது. பெரும்பகுதி வேலையைத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் செய்கிறார்கள். 2022இல் தொடங்கிய பல ஆண்டு ஒப்பந்தங்களின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 150 கோடி டொலர். ட்ரக்கிலுள்ள ஜிபிஎஸ் கருவி, இந்தத் தெரு வழியே போனது என்று வரைபடத்தில் பச்சை போடும். போனது என்பதற்கும் வழித்தது என்பதற்கும் உள்ள தூரத்தைக் கருவி அளக்காது. தகடு இறங்கியிருந்ததா, நடைபாதையின் மூலையில் குவியல் கிடக்கிறதா என்பதை ஒரு மனிதர் போய்ப் பார்த்தால்தான் உண்டு. பழைய ஒப்பந்தங்களின் ஜிபிஎஸ் தரவுகளை 2020இல் நகரின் கணக்காய்வாளர் நாயகம் தோண்டியபோது, காரணம் சொல்லமுடியாமல் நின்ற வண்டிகள் அகப்பட்டன. கருவி இருந்தும் அதைப் பார்க்க ஆளில்லாத குறை அது.

இந்த வரிசையில் நடந்து போகிறவரின் இடம் எது? ஒன்ராறியோ ஒழுங்குவிதி நடைபாதைக்கு 8 சென்ரிமீற்றர் வரை அனுமதிக்கிறது, வழிப்பதற்கு 48 மணித்தியாலம் தருகிறது. கார் 8 சென்ரிமீற்றரில் ஓடும். குழந்தை வண்டி ஓடாது, ஊன்றுகோலும் ஊன்றாது. சுவீடனில் கார்ல்ஸ்கோகா என்ற சிறு நகரம் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. பாலர் பாடசாலைக்குப் போகும் பாதை, நடைபாதை, சைக்கிள் பாதை முதலில், பெருவீதி பிறகு. காரில் இருப்பவர் பனியில் மெதுவாகப் போவார், நடப்பவர் விழுவார், விழுந்தால் வைத்தியச் செலவு என்ற கணக்கு. ஸ்ரொக்ஹோமும் பின்பற்றியது. 2016 நவம்பரில் கடும் பனி கொட்டி நகரம் முடங்கியபோது அந்தக் கொள்கைதான் காரணம் என்று கேலி செய்தார்கள், அன்றைய பனிக்கு எந்த வரிசையும் தாங்கியிராது என்றாலும். ரொறன்ரோ இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பஸ் தரிப்பிடத்தையும் அதற்குப் போகும் நூறு மீற்றர் நடைபாதையையும் பெருவீதியோடு சேர்த்து ஒரே வேலையாகக் கொண்டாலே போதும். பஸ் ஓடும் வீதி சுத்தமாக இருந்து, பஸ்ஸுக்குப் போக வழியில்லாவிட்டால் அந்த வீதியை வழித்ததில் பாதிப் பயன் போய்விடுகிறது.

சட்டத்தில் இன்னுமொரு கதவு உண்டு. கடும் புயல் வரும்போது மாநகரசபை அதைக் குறிப்பிடத்தக்க வானிலை நிகழ்வு என்று பிரகடனம் செய்யலாம். செய்துவிட்டால், அது முடிந்தது என்று மாநகரசபையே அறிவிக்கும்வரை மேலே சொன்ன மணித்தியாலக் கணக்குகள் ஓடா. பனி அதிகமாக விழும் நாளில்தான் கடிகாரம் நிற்கிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், 50 சென்ரிமீற்றரை நான்கு மணித்தியாலத்தில் யாரும் வழிக்க முடியாது. ஆனால் பிரகடனம் செய்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்வது, விழுந்தவருக்குப் பின்னால் உதவும்.

ஏனென்றால் விழுந்தவருக்கு அவகாசம் அதிகமில்லை. மாநகர நடைபாதையில் பனியிலோ ஐஸிலோ சறுக்கிக் காயப்பட்டால், எங்கே, எப்போது, எப்படி என்று எழுத்தில் பத்து நாளுக்குள் நகரசபை எழுத்தருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது ரொறன்ரோ மாநகரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. தவறவிட்டால் நியாயமான காரணம் காட்ட வேண்டிவரும். அறிவித்தாலும் சாதாரணக் கவனயீனம் போதாது, பாரதூரமான கவனயீனம் என்று நிறுவ வேண்டும். மாநகரசபையின் 311 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிட்டதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கை முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் முதல் வாரத்திலேயே, அந்த இடத்தைப் படமெடுக்க ஒருவரை அனுப்பிவிட்டு, கடிதத்தையும் எழுதிவிடுங்கள்.